இன்னொரு பார்ட்டி

ஆபீசில் மீட்டிங் என்று அம்மாவிடம் புளுகிவிட்டு, வாடகை வீடு பார்க்க வந்திருந்தான். தனியாகப் போகிறேன் என்று முன்கூட்டியே சொன்னால் வீடு கண்ணீரில் மிதக்கும்.

புரோக்கர் வாசலிலேயே மறித்தார். "உள்ள இன்னொரு பார்ட்டி இருக்காங்க, தம்பி. வீடு பிடிச்சுப்போச்சாம்."

அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "இதையும் கோட்டை விட்டா எனக்கு விடிவே இல்லண்ணே. யாரு அவங்க?"

"பெரியவங்க ரெண்டு பேரு. பையன் தொல்லை தாங்கலையாம்."

"பெத்தவங்களை வீட்டைவிட்டு ஓட வைக்கிறவன் எல்லாம் ஒரு பிள்ளையா?" என்று பல்லைக் கடித்தான்.

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. ஈரக் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள், டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருந்த அம்மா. பின்னாலேயே அப்பா.

அப்பாதான் முதலில் கேட்டார்.

"ஏன்டா, எல்லாரும் இங்க வந்துட்டா நம்ம வீட்ல யார்தான் இருக்கிறது?"