ஐந்து மணிக் கழுநீர்

சற்குணம், பாயான் லெப்பாஸ் நகரில் பார்த்துவந்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, மனைவி தவமணியோடும் மகளோடும் மின்சாரமில்லாத மலைநிலத்தில் குடியேறினார். ஊற்று மேலே, வீடு கீழே. அதனால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் குழாயில் இறங்கி வந்தது.

"தண்ணி சரியில்லன்னா டவுனுக்கே போயிடுவோம்லா," என்று தவமணி முதல் நாளே சொல்லியிருந்தாள்.

தினமும் மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வெளுத்தது. முதலில் பால்போல், அடுத்து மங்கலாக, மூன்றாவது முறை தெளிவாக.

"அரிசி களையிற தண்ணிங்க. மேல யாரு இருக்கா?" என்றாள் தவமணி.

மறுநாள் அவர் குழாயின் வழியே ஏறிப் போனார். வீடுமில்லை, ஆளுமில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாறைப் பிளவிலிருந்து நீர் வெள்ளையாக வந்தது.

அவர் திரும்பியபோது தவமணி அடுப்பைப் பற்றவைத்திருக்கவில்லை. மூன்று தட்டுகளை எடுத்து வைத்திருந்தாள்.

"இன்னிக்கு ரொம்பக் கெட்டியா வந்துச்சுங்க. நமக்கும் சேர்த்து அரிசி போட்டுட்டாங்க."