பென்சில் படாத முகம்

“இது யாரு பாய்?”

சரஸ்வதி நீட்டிய படத்தை ஜெகபர் அலி பார்த்தார். போன தை மாதம் அவரே எடுத்து, அவரே கழுவி, அவரே அட்டையில் ஒட்டிக் கொடுத்த படம்.

“நீதாம்மா” என்றார்.

எடுத்தது அவளைத்தான், அதில் பொய் இல்லை. ஆனால் சரஸ்வதிக்கு ஆறு வயதில் வந்த பெரியம்மை, கன்னத்திலும் நெற்றியிலும் குழி குழியாகத் தழும்பைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. படத்தில் இருந்தவளுக்கோ முகம் மெழுகிவிட்ட தரை மாதிரி இருந்தது.

அது ஜெகபர் அலியின் கைவேலை. காமிராவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்கிறவர். நெகட்டிவ் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் தழும்பையெல்லாம் அடைத்துவிடுவார். திண்டுக்கல் வட்டாரத்தில் அந்த வேலைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பிள்ளை என்றால் யாரும் கேட்காமலே செய்வார். பாவம், நல்லா இருக்கட்டும் என்ற நினைப்புதான். வேறு கெட்ட எண்ணம் கிடையாது.

அந்த நல்ல மனசுதான் சரஸ்வதியை இரண்டு தடவை கொன்றுபோட்டது.

மதுரையிலிருந்து ஒரு கூட்டம் பெண் பார்க்க வந்தது. அப்புறம் தாடிக்கொம்பிலிருந்து ஒரு கூட்டம். இரண்டு கூட்டமும் கையில் படத்தோடுதான் வந்தது. காப்பித் தட்டோடு வந்து நின்றவளை நிமிர்ந்து பார்த்த ஒரு மாமியார்க்காரி, “படத்துல இருக்குற பொண்ணைக் கூப்புடுங்க” என்றாளாம். காப்பி அப்படியே ஆறிப்போனது.

இப்போது மூன்றாவதாக ஆயக்குடி ஜாதகம் பொருந்தியிருக்கிறது. மாப்பிள்ளை ஆவுடையப்பன், ஜவுளிக்கடை. அவனையும் ஜெகபர் அலிதான் போய்ப் படம் எடுத்து வந்தார். பழைய வெள்ளிக்காசில் இருக்கும் ராசா மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தான். சரஸ்வதியின் அய்யா அழகர்சாமி அதைத் தறிக்கு மேலே மாட்டிவைத்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

சரஸ்வதியின் படம்தான் இன்னும் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஜெகபர் அலி ஆயக்குடி வழியாகப் பழனிப் பக்கம் போகிறார் என்று தெரிந்து, அவர் கையில் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு அழகர்சாமி சேலைக் கட்டோடு பஸ் ஏறிவிட்டார்.

“எங்கய்யா வாரதுக்குள்ள இன்னொண்ணு எடுங்க பாய். பென்சிலு படக் கூடாது. வேணாம்ங்கிறவுக அவுக வீட்டுலயே உக்காந்து சொல்லிக்கிறட்டும். இன்னொரு தடவ அந்தத் தட்டத் தூக்கிட்டு நிக்க என்னால ஆகாது.”

ஜெகபர் அலி அவள் அம்மா அய்யம்மாளைப் பார்த்தார். அவள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

உள்ளபடி ஒரு படம் போனால் இந்தச் சம்பந்தமும் போச்சு. அது மூன்று பேருக்கும் தெரியும்.

ஸ்டூலை வேப்பமரத்து நிழலில் போட்டார். நிழலில் தழும்பு அவ்வளவாகத் தெரியாது. தொழில் பழக்கம், கை தானாகச் செய்துவிடுகிறது. சரஸ்வதி எழுந்து, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் போட்டு உட்கார்ந்தாள். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தது. ஒவ்வொரு குழியும் தனித்தனியாகத் தெரிந்தது.

அடேயப்பா, என்ன நெஞ்சுரம் இந்தப் பிள்ளைக்கு!

காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். கண்ணாடியில் அவள் தலைகீழாகத் தெரிந்தாள். சிரிக்கச் சொல்ல நினைத்தார், சொல்லவில்லை. ராட்டைச் சத்தம் நின்றது. லென்ஸ் மூடியைத் திறந்து, ஒன்று எண்ணி, மூடினார்.

புறப்படும்போது தறிக்கு மேலே இருந்த ராசாவை ஒரு பார்வை பார்த்தார். நாக்கு நுனி வரைக்கும் ஒரு பேச்சு வந்தது. விழுங்கிக்கொண்டார். ஒரு வீட்டுச் சேதியை இன்னொரு வீட்டில் சொல்கிற படக்காரனை அப்புறம் எவன் வாசலில் ஏற்றுவான்?

வெள்ளிக்கிழமை, ஆயக்குடியில் கொய்யாத் தோப்பை ஒட்டிய வீட்டில், புதுப் படத்தை ஆவுடையப்பன் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆவுடையப்பன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

“ஏனுங்க பாய், இதுல பென்சில் வைக்கலீங்களா?”

“அந்தப் புள்ள வேணாம்னுருச்சு தம்பி. ஸ்டூலத் தூக்கி வெயில்ல போட்டதும் அதுதான்.”

அவன் வீட்டுக்குள் போனான். போனவன் அப்படியே இருந்துவிடுவான் என்றுதான் ஜெகபர் அலி நினைத்தார். ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தான். களத்தின் நடுவில், வெயிலில் போட்டான்.

“என்னையும் இன்னொண்ணு எடுத்துக் கொண்டுபோய்க் குடுத்துருங்க. இந்தத் தடவை நேரா.”

ஜெகபர் அலி கறுப்புத் துணிக்குள் போனார். போன மாதம் இரண்டு நாள் உட்கார்ந்து பென்சிலால் அடைத்த குழிகள் அத்தனையும் அந்த முகத்தில் வெயிலில் கிடந்தன. அன்றைக்குச் சுவர்ப் பக்கமாக அவர் திருப்பி உட்கார வைத்த இடது கண், அதே பெரியம்மை வெள்ளையாக்கிவிட்டுப் போன கண், காமிராவை நேராகப் பார்த்தது.

அசையாதே என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அவன் அசையவே இல்லை.