மெஷின் அடித்த தாளம்

கார் கதவில் நெளிவு எடுத்துக்கொண்டிருந்த டிங்கருக்கு, பட்டறை வாசலில் அந்தப் பாடகனைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. தொண்ணூறுகளில் இருவரும் ஒரே ராக் குழு. எலக்ட்ரானிக் ஓசை கலந்து ஆல்பம் போடப்போகிறோம், டிரம்ஸுக்கு மெஷின் வந்துவிட்டது என்று, டிரம்ஸ் வாசித்த இவரைக் கழற்றிவிட்டவன். அந்த ஆல்பத்தை இவர் இன்றுவரை கேட்டதில்லை.

"ஆல்பத்தைத் திரும்ப வெளியிடுறோம். மேடையில நீதான் வாசிக்கணும்."

"ஏன், உங்க மெஷினுக்குக் கை சுளுக்கிக்கிச்சா?"

பாடகன் செல்போனில் முதல் பாட்டைப் போட்டான். காதில் விழாதவர்போல டிங்கர் சுத்தியலை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

ஒவ்வொரு பலத்த அடிக்கும் பின்னால் 'டிக்' என்று ஒரு சின்னத் தட்டு. சின்ன வயதிலிருந்தே தகரத்தில் பழகிய இவர் கை, சுத்தியலைப் போலவே டிரம்ஸ் குச்சியையும் துள்ளவிட்டு எடுக்கும் தட்டு. அதற்காகவே குழுவில் இவரைத் திட்டுவார்கள்.

"இந்தத் தட்டு மெஷினுக்கு எப்படிடா வந்துச்சு?"

"மெஷின் தாளம் பொணம் மாதிரி கிடந்துச்சு. உன் ஒத்திகை டேப்பை வெட்டித்தான் அதுக்குள்ள ஏத்தினோம். ஆல்பம் முழுக்க நீதான்டா."

"அட்டையில என் பேரு?"

பாடகன் தலை குனிந்தான்.

டிங்கர் கதவைப் புரட்டிப் போட்டார்.

"முதல்ல பேரைப் போட்டுட்டு வா. அதுவரைக்கும் இந்த மெஷின் லீவு."