சீட்டில் இருந்த பெயர்

ஆரணி அக்குபஞ்சர் கிளினிக்கில் காத்திருந்த லாவண்யாவிடம் பக்கத்து நாற்காலிப் பெண் பேச்சுக் கொடுத்தாள். இருவரின் புருஷன்களும் எதிரே செல்போனில் மூழ்கியிருந்தார்கள்.

“கொழந்தைக்காகவாம்மா?”

“ஆமாங்க. கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு.”

“நாங்க இன்னிக்குத்தான் மொதல் தடவை. ஊசி வலிக்குமா?”

“எறும்பு கடிச்ச மாதிரிதான். சாப்பாட்டுலதான் கெடுபிடி. ஐஸ் மோர் கூடாது. தினமும் எள்ளுருண்டை, முருங்கைக்கீரை. தறியில உக்காந்துகினே இருக்காம, நடுநடுவுல எழுந்து நடக்கணும்.”

“பாவம், எல்லாக் கஷ்டமும் பொம்பளைக்குத்தான்!” என்று அந்தப் பெண் உச்சுக் கொட்டினாள்.

“லாவண்யா!” உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள்.

லாவண்யா அசையவில்லை. அவள் புருஷன் கிரண் எழுந்து, யாரையும் பார்க்காமல் உள்ளே நுழைந்தான்.

லாவண்யா நெளிந்தாள். “ஊசி அவருக்குத்தாங்க. நெசவுக்காரங்க தெருவுல தெரிஞ்சா கிண்டல் பண்ணுவாங்கன்னு என் பேர்ல சீட்டு போட்டுட்டாரு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“அடுத்தது கனிமொழி!” என்றாள் நர்ஸ்.

எதிரே இருந்த முறுக்கு மீசைக்காரர் திருதிருவென்று விழித்தார்.

லாவண்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் தன் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.

“அட, உங்களத்தான்! ஜல்தியா எழுந்து போங்க, கனிமொழி!”