கஞ்சியும் திட்டும்

பந்தை உதைக்கப் போய் ஷேக் தாவூதின் காலை உதைத்து ஒடித்துவிட்டேன். காலேஜ் டீமில் நான் குறி தவறாமல் உதைத்தது அந்த ஒன்றைத்தான். ஃபுட்பால் ஆடினால் போதும், படிப்பு இலவசம் என்று அமெரிக்கக் காலேஜிலிருந்து அவனுக்குக் கடிதம் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

தாவூது போகவில்லை. பாலக்கரைத் துணிக்கடையில் நொண்டி நொண்டித் துணி கிழித்தான்.

ஒவ்வொரு நோன்புக்கும் அவன் அம்மா கமருன்னிசா என்னைக் கூப்பிட்டனுப்புவார்.

"வாடா, எம்புள்ள காலை ஒடிச்ச பாவி! கஞ்சி ஆறுது, குடி."

ஒரு கிண்ணம் கஞ்சிக்கு நாலு கிண்ணம் திட்டு. ஆறு வருடம் இரண்டையும் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

இந்த நோன்புக்குக் கஞ்சி இல்லை. கமருன்னிசா அம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது தாவூது எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். நொண்டவே இல்லை.

"டேய், உன் கால்?"

"அது மூணு மாசத்துலேயே சரியாயிடுச்சு. அடுத்த வருஷம் வான்னு அமெரிக்கக் காலேஜ்லேருந்தும் எழுதினாங்க. அத்தாவும் இல்லாம அம்மாவைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரலை."

"அப்ப எதுக்குடா ஆறு வருஷம் என்னைத் திட்டு வாங்க விட்டே?"

தாவூது நின்றான்.

"தன்னாலதான் நான் போகலைன்னு தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க. நீ தாங்குவே."