இடது கை மட்டும் நீளம்

"இடது கை விரல் நுனியைத் தாண்டித் தொங்குது. பிரிங்க!" அம்மா ஸ்வெட்டரைக் கழற்றி அப்பாவின் மடியில் போட்டாள்.

"கையை மட்டும் பிரிச்சா போதாதா?"

"கழுத்தும் இறுக்குது. முழுசா பிரிங்க."

பஸ் டிரைவராக இருந்து ரிட்டயரான அப்பா நூல் முனையைத் தேடி எடுத்தார். கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கும், தையலே இல்லாத அந்த ஸ்வெட்டர் அவரே பின்னியது. பின்னலைப் புதிதாகக் கற்பவர்களுக்கு அதுதான் சுலபமாம். நூலை இழுத்ததும் மளமளவென்று பிரிந்தது. இது மூன்றாவது முறை.

பார்த்துக்கொண்டிருந்த மகளுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"பாவம்மா அப்பா! இவ்வளவு குறை சொல்லணுமா?"

"ஊசியைப் பிடிச்சதிலேருந்து, நாலு மாசமா அந்த மனுஷன் சிகரெட்டைத் தொடலைடி. ஸ்வெட்டர் முடிஞ்சா அந்தக் கை சும்மா இருக்குமா?"

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவிடம் வந்தாள்.

"அடுத்த தடவையாவது கையை அளந்து பின்னுங்கப்பா."

அப்பா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அளந்துதாம்மா நாலு விரல் கூட்டிப் பின்னினேன். சரியா முடிச்சிட்டா அன்னிக்கே என் கால் தானா சிகரெட் கடைக்குப் போயிடும். உங்கம்மாகிட்ட சொல்லிடாதே. பாவம், எனக்குப் பின்ன வராதுன்னே நம்பிக்கிட்டிருக்கா!"