தவக்கால வெள்ளி

"பன்னிரண்டு அடியில கூட்டமா நிக்குது, றொமேஷ். தூண்டிலைப் பத்து அடிக்குத் தூக்கு. இந்த மீன் மேல வந்துதான் தின்னும்" என்றார் நொயல்.

உறைந்த ஏரியில் துளைத்த ஓட்டைக்கு முன்னால், கவிழ்த்த வாளியில் தம்பி றொமேஷ் உட்கார்ந்திருந்தான். மீன் காட்டும் கருவியின் திரையிலிருந்து நொயல் கண்ணை எடுக்கவில்லை.

"கை விறைக்குது அண்ணை. இண்டைக்குப் பாதர் சாப்பிட வாறார். நான் பிடிச்ச மீன்தான் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஆட்டாத. பொறு."

"இருட்டப் போகுது."

"இருட்டேக்கதான் கடிக்கும். மன்னார்க் கடலில நான் பாக்காத மீனே?"

நொயலின் மனைவி மாக்கிறேட் தட்டை நீட்டினாள். அவர் திரும்பாமலே ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"என்ன அண்ணை அது?"

"மட்டன் ரோல்ஸ்."

றொமேஷ் தூண்டிலை மறந்தான். "தவக்காலத்து வெள்ளிக்கிழமையில இறைச்சியோ? ஒரு பூசை தவறவிடாத ஆள் நீங்கள்!"

"என்ர வாயைப் பாக்காத. இழு!"

கையகல மீன் ஒன்று பனியில் விழுந்து துள்ளியது. றொமேஷ் அதைப் பார்க்கவேயில்லை.

"பாவம் எல்லே அண்ணை?"

நொயல் மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி, கழுத்து வேர்வையைத் துடைத்தார்.

"வெள்ளிக்கிழமை உனக்குக் கனடாவில. எனக்கு இஞ்ச மெல்பேணில சனி விடிஞ்சு பத்து மணியாகுது. ஃபோன் கமராவைத் திரும்ப மீன் திரைப் பக்கம் பிடி. பாதருக்கு ஒரு மீன் காணாது."